மூன்றாவது டிக்கெட்டில் அணைந்த மிஷின்

பெங்களூரில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கம்பெனி, பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் அடிக்கும் சின்ன மிஷினைத் தயாரித்தது. தொண்ணூறுகளின் கடைசி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்னக் கட்டடம், ஒரு மாடி, அவ்வளவுதான். கீழே ஹார்டுவேர், மேலே சாஃப்ட்வேர். படிக்கட்டு திரும்பும் இடத்தில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் டெஸ்டிங்கில் நாங்கள் மூன்று பேர். மிஷினை அடித்துப் பார்த்து, கீழே போட்டுப் பார்த்து, என்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. வாணியம்பாடியில் என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. "அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபுடிக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். ஆமாம், அதற்குத்தான் கொடுத்தார்கள்.

மாடிக்கும் கீழுக்கும் நடுவே பதினெட்டுப் படிகள். இரண்டு வருடங்களில் நான் அவற்றில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. ஏனென்றால் என்னைத் தவிர வேறு யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மேலே ஏசி போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழே மூன்று மின்விசிறி, ஈயம் உருக்கும் சால்டரிங் புகை, சிமெண்டுத் தரை. ஹார்டுவேர் தலைவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து மேலே வந்தவர். ஒருநாள் ஏதோ கேட்க மேலே போயிருக்கிறார். வாசலில் ஒரு சின்னப் பெண், "சார், ஷூ" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் சாக்ஸில் ஓட்டை. அவ்வளவுதான். அதன்பிறகு அவர் மாடி ஏறவில்லை.

"நான் போயி அவுங்க வாசல்ல செருப்ப அவுத்துட்டு நிக்கணுமா? அது இன்னா கோயிலாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

சாஃப்ட்வேர் தலைவர் திருச்சிக்காரர். முப்பது வயது. நல்ல மூளைக்காரர், அது அவருக்கே தெரியும் என்பதுதான் கஷ்டம். கீழே போனால் புகையில் ஆஸ்துமா வரும் என்பார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவர் சிகரெட் பிடிப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். இருவரும் தமிழர்கள். என்னிடம் இருவரும் தமிழில்தான் பேசுவார்கள். ஒருவருக்கொருவர் மட்டும் இங்கிலீஷில் மெயில் எழுதிக்கொள்வார்கள். கீழே பொதுவாக ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். ஹார்டுவேர் தலைவர் மெயிலை அதில் படிக்கமாட்டார், அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்வார். யாரை? என்னைத்தான்.

இந்த நிலையில்தான் மிஷின் அணைய ஆரம்பித்தது.

கலாசிபாளையத்திலிருந்து அத்திப்பள்ளிப் பக்கம் பஸ் ஓட்டும் ஒரு தனியார் முதலாளி எங்களிடம் நாற்பது மிஷின் வாங்கியிருந்தார். முதல் ஆறு மாதம் பெரிய பிரச்சனை எதுவும் இல்லை. மிஷின்கள் எங்களிடம் சர்வீஸுக்கு வந்துபோன பிறகு புகார் வந்தது. டிக்கெட் அடித்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் திடீரென்று அணைந்துவிடுகிறது. மறுபடி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. திரும்பி வந்த மிஷினைக் கீழே மேஜையில் வைத்து ஓடவிட்டார்கள். நாள் முழுக்க ஓடியது. மேலே வைத்தார்கள், அங்கேயும் ஓடியது.

"போர்டு பக்காவா கீது. புரோகிராம்லதான் இன்னாவோ பண்ணிவெச்சிருக்காங்க. போயி சொல்லு," என்றார் கீழே.

"புரோகிராம நாங்க லைன் லைனா பாத்தாச்சு. பவர் போகுதுன்னா அது ஹார்டுவேர். இதுகூடவா தெரியாது? போய்ச் சொல்லுங்க," என்றார் மேலே.

நான் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தும் சொன்னேன். நான்கு மாதம் இப்படியே போனது. நடுவில் கண்டக்டர்கள் கையெழுத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனரல் மேனேஜர் நல்ல மனிதர், கன்னடக்காரர், யாரையும் சத்தம் போடமாட்டார். எங்காவது ஒரு வகுப்புக்குப் போய்வந்தால் ஒரு மாதத்துக்கு அதையே பேசுவார். அந்த முறை போய்வந்த வகுப்பு, டீம்கள் ஒத்துழைப்பதைப் பற்றியது. வந்த வேகத்தில் எங்கள் எல்லாரையும் கனகபுரா சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார். எல்லாருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட். அதில் நாமெல்லாம் ஒரே டீம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஹார்டுவேர் தலைவருக்குக் கொடுத்த சட்டை வயிற்றில் ஏறவில்லை. அதைத் தோளில் துண்டுபோல் போட்டுக்கொண்டார்.

பயிற்சி நடத்த வந்தவர் எங்களைக் கண்ணைக் கட்டி நடக்கவிட்டார், பலூன் ஊதச் சொன்னார், கயிற்றைக் கொடுத்துச் சதுரம் செய்யச் சொன்னார். கடைசியில் இரண்டிரண்டு பேராகக் காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் போட்டி. மேனேஜர் வேண்டுமென்றே அந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டவைத்தார். விசில் ஊதியதும் இருவரும் ஆளுக்கொரு காலை எடுத்தார்கள். இரண்டடிகூடப் போகவில்லை, புல்லில் விழுந்தார்கள். திருச்சிக்காரரின் கண்ணாடி வளைந்துவிட்டது.

"கட்டுன காலத்தானே மொதல்ல எடுக்கணும்?" என்றார் ஹார்டுவேர் தலைவர்.

"நீங்க சொல்லிருக்கணும் சார்," என்றார் திருச்சிக்காரர்.

"தம்பி, இதக் கூடவா சொல்லணும்?"

எல்லாரும் கை தட்டினார்கள். பயிற்சியாளர், ஒத்துழைப்பு என்பது இப்படி விழுந்து எழுந்துதான் வரும் என்று விளக்கினார். திரும்பி வரும் பஸ்ஸில் ஹார்டுவேர்காரர்கள் இடப்பக்கம், சாஃப்ட்வேர்காரர்கள் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். ஒரே மஞ்சள் நிறத்தில் இருந்தோம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அடுத்த திங்கட்கிழமை காலை பஸ் முதலாளியின் ஆள் ஒரு கோணிப்பை கொண்டுவந்து எங்கள் வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் உள்ளே எங்கள் மிஷின்கள். வெங்காயம் கொட்டுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக. சிலவற்றில் கண்டக்டர்கள் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார்கள். ஒன்றில் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்திருக்க வேண்டும். அணைகிற மிஷினுக்கும் பொட்டு வைத்து வேலை வாங்கப் பார்த்திருக்கிறார்கள். மேனேஜர் முதலாளிக்குப் போன் செய்து, இரண்டு வாரம் தவணை கேட்டு, எப்படியோ பாதி மிஷினைத் திருப்பி அனுப்பிவைத்தார்.

அன்று மதியம் கூட்டம். மூன்று மணி நேரம் நடந்தது. மேனேஜர் வெள்ளைப் பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, அவை சேரும் இடத்தில் கோடு போட்டு நிரப்பினார். அந்தக் கோடு போட்ட இடத்தில்தான் தீர்வு இருக்கிறதாம். இருவரும் அந்த வட்டங்களைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்பதுதான் கூட்டத்தின் முடிவு.

எனக்குத் தாங்கவில்லை. நாளைக் காலை கலாசிபாளையத்தில் பஸ் ஏறி, அந்த மிஷின் எப்படித்தான் அணைகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தனியாகப் போனால் மறுபடி நானே வந்து இருவரிடமும் சொல்ல வேண்டும். இருவரும் நம்பமாட்டார்கள். அதனால் ஒரு காரியம் செய்தேன். கீழே போய், "சார், நாளைக்கு மேல இருக்கற சார் பஸ்ல வர்றார். தப்பு போர்டுலதான்னு நேர்ல காட்டப்போறாராம்," என்றேன்.

"அப்படியா? எத்தினி மணிக்கு?"

மேலே போனேன். "கீழ இருக்கற சார் நாளைக்கு பஸ்ல வர்றாராம். சாஃப்ட்வேர்தான் தப்புன்னு கஸ்டமர்கிட்டயே சொல்லப்போறாராம்."

"அவரா? எந்த பஸ்?"

ஒத்துழைப்பு என்று கூப்பிட்டிருந்தால் இருவரும் வந்திருக்கமாட்டார்கள். மற்றவன் மட்டும் பேசிவிடக் கூடாது என்பதற்காக வந்தார்கள். நான் சொன்னது பொய்தான். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

காலை எட்டு மணிக்கே கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டு சேறும் பூவும் கூச்சலுமாக இருந்தது. இருவரும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு என்னைத் தேடினார்கள். கண்டக்டர் மெலிந்த மனிதர், ஓசூர்ப் பக்கம். நாங்கள் மிஷின் கம்பெனி என்றதும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"வாங்க சார், வாங்க. இத்தினி நாளு எங்க இருந்தீங்க? ஜனங்க என்ன திட்டறது உங்களுக்குக் கேக்கணும்ல. இன்னிக்கி கூடவே நின்னு கேளுங்க."

லால்பாக் தாண்டி மடிவாளா வரை ஒன்றும் நடக்கவில்லை. ஓரிருவர் ஏறினார்கள், கண்டக்டர் நிதானமாக அடித்தார், மிஷின் நிதானமாகக் கொடுத்தது. ஹார்டுவேர் தலைவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். திருச்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொம்மனஹள்ளியில் கூட்டம் ஏறியது. பொம்மசந்திரா தொழிற்சாலைகளுக்குப் போகும் ஆட்கள், டிபன் பையோடு. மூச்சுவிட இடமில்லை. அடுத்த நிறுத்தத்துக்குள் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும். கண்டக்டரின் கட்டைவிரல் பட்டன்மேல் பறந்தது. ஒரு டிக்கெட், இன்னொரு டிக்கெட். மூன்றாவது பாதி வெளியே வரும்போது மிஷின் அணைந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா சார்?" என்று கத்தினார் கண்டக்டர். அவர் குரலில் கிட்டத்தட்ட சந்தோஷம்.

மறுபடி ஆன் செய்தார். மறுபடி ஒன்று, இரண்டு. மூன்றாவதில் அணைந்தது. இப்போது ஹார்டுவேர் தலைவர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு கிட்டே போனார். மிஷினைக் காதருகில் வைத்து, "இப்ப அடிங்க," என்றார். கண்டக்டர் அடித்தார். இவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"மோட்டார் இழுக்குது," என்றார். "மூணாவதுல ரொம்ப இழுக்குது. பேட்டரி டல்லாவுது."

திருச்சிக்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிய திரையில், அணைவதற்கு முன் கண் சிமிட்டும் நேரம் இரண்டு எழுத்து மின்னி மறைந்தது. அவர் முகம் மாறியது.

"அது என் மெசேஜ்," என்றார்.

"இன்னாது?"

"பேட்டரி குறைஞ்சா கணக்கெல்லாம் பத்திரமா சேவ் பண்ணிட்டு அணைஞ்சிரணும்னு ஒரு செக் போட்டேன். பேட்டரி தீர்ந்து பாதில போயிடுதுன்னு முன்னாடி ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுல்ல, அதுக்காக."

"எப்ப போட்டே?"

"ஜூன்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஹார்டுவேர்ல என்ன மாறிச்சு? பழைய மோட்டார் இவ்ளோ இழுக்காதே?"

ஹார்டுவேர் தலைவர் மிஷினைக் கண்டக்டர் கையில் கொடுத்தார். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"பழசு கெடைக்கல. மே மாசத்துலேர்ந்து சர்வீஸுக்கு வர்ற மிஷின்லகூட வேற மோட்டார்தான் போடறோம்," என்றார்.

"என்கிட்ட சொன்னீங்களா சார்?"

"பர்ச்சேஸுக்குச் சொன்னேன்."

"பர்ச்சேஸா புரோகிராம் எழுதுது?"

"நீ கீழ எறங்கி வந்தா சொல்லியிருப்பேன்!"

"நீங்க மேல வந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்!"

கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இருவரும் கத்தினார்கள், நான்கு மாதத்தில் முதன்முறையாக மிஷினைப் பற்றி நேருக்கு நேர், தமிழில். டிபன் பையைத் தலைக்குமேல் பிடித்திருந்த ஓர் அம்மாள் பொறுமை இழந்து, "சண்டைய எறங்கிப் போட்டுக்கங்க சார். எனக்கு டிக்கெட் குடுக்கச் சொல்லுங்க, எறங்கற எடம் வருது," என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். புது மோட்டார் காகிதத்தை இழுக்கும்போது பேட்டரி ஒரு நொடி சோர்ந்துபோகிறது. அந்த நொடி பார்த்துப் புரோகிராம் எட்டிப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுகிறது. மோட்டாரும் சரி, புரோகிராமும் சரி. ஆபீஸில் மாடியிலும் கீழேயும் மிஷினைச் சார்ஜர் வயரில் சொருகி வைத்தே ஓடவிட்டிருந்தார்கள். அதனால் அங்கே அது அணையவே இல்லை. மோட்டார் நின்றபிறகு இன்னொரு தடவை பேட்டரியைப் பார் என்று புரோகிராமில் சொன்னால் போதும். அன்று மதியமே திருச்சிக்காரர் எழுதி முடித்தார். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம். நான்கு மாதம், ஒரு ரிசார்ட், நாற்பது மஞ்சள் சட்டை, ஒரு கோணிப்பை. கடைசியில் இரண்டு மணி நேரம்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட இல்லை. இதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம்.

மேனேஜருக்குப் பரம சந்தோஷம். ரிசார்ட் பயிற்சியின் பலன் என்று எல்லாரிடமும் சொன்னார். ஆண்டுக் கூட்டத்தில், காலைக் கட்டி ஓடிய படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார். இனிமேல் யார் எதை மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு புதுப் படிவம் வந்தது. பதினாலு கட்டம், மூன்று கையெழுத்து. அதை மாடிக்கும் கீழுக்கும் கொண்டுபோகும் பொறுப்பு டெஸ்டிங்குக்கு.

அந்த வாரமே இருவரும் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் சேர்ந்து எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை. நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் திருச்சிக்காரர். "இத டெஸ்டிங்ல ஏன் நீங்க புடிக்கல?"

"அதான் நானும் கேக்கறேன்," என்றார் ஹார்டுவேர் தலைவர். "அடிச்சுப் பாக்கறதுதானேம்மா உங்க வேலை?"

ஆக, அவர்கள் ஒரே டீம் ஆகிவிட்டார்கள். என்னைத் திட்டுவதற்கு.

எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு. ஏனென்றால் நான் பிடித்திருந்தேன். அலமாரியிலிருந்து ஜூலை மாத அறிக்கையை எடுத்து மேஜையில் போட்டேன். மூன்று பக்கம். நாற்பத்தோராவது வரி: வேகமாக அடித்தால் சில சமயம் மிஷின் அணைகிறது. இருவருக்கும் மேனேஜருக்கும் அனுப்பியிருந்தேன். தேதியும் கையெழுத்தும் இருந்தன.

திருச்சிக்காரர் படித்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். ஹார்டுவேர் தலைவர் கண்ணாடியை மாட்டி, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"எழுதிக்கீறே, சரி. நாப்பது வரிக்குக் கீழ எழுதினா யாரு படிப்பாம்மா? தெனமும் பத்து வாட்டி எங்க மெயில தூக்கினு மேலயும் கீழயும் போறே. நீ பாத்தத ஒரு வாட்டி வாயால சொல்லியிருக்கலாமே?"

அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. மாடிக்கும் கீழுக்கும் தபால்காரி வேலை பார்த்தவளைப் பார்த்து இப்படிக் கேட்பதா? கேட்கவும் செய்தேன், நன்றாகவே கேட்டேன். படிக்காதது உங்கள் தப்பு என்று. இருவரும் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த வரியை எழுதிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் நான் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு கோளாறை மாடியில் எல்லாரும் சேர்ந்து சிரித்துத் தள்ளியிருந்தார்கள். அந்த எரிச்சலில், இனி இவர்களிடம் வாயைத் திறப்பதில்லை, காகிதத்தில் எழுதி வைத்துவிடுவோம், நாளைக்கு ஏதாவது ஆனால் எடுத்துக் காட்டலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். படிக்கவேண்டும் என்று நான் எழுதவும் இல்லை. புகார் வந்த பிறகும் அந்த வரி என் நினைவுக்கு வரத்தான் செய்தது. வரும்போதெல்லாம், அதான் எழுதியாச்சே என்று நினைத்துக்கொண்டேன். கோணிப்பையில் வந்த அந்தப் பொட்டு வைத்த மிஷினுக்கு நானும் ஒரு காரணம். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அவர்களிடம் சொல்லும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை வரவில்லை.

அதன்பிறகு எல்லாரும் திருந்திவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். பதினாலு கட்டப் படிவம் மூன்று மாதத்தில் செத்துப்போனது. மாடி வாசலில் செருப்பு ராக் அப்படியேதான் இருந்தது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையில் அந்த இரண்டு பேரையும் சேர்ந்து பார்க்க முடிந்தது. கடைக்குள் செருப்பு கழற்ற வேண்டியதில்லை, சால்டரிங் புகையும் இல்லை.

ஒருநாள் புதிதாக வந்த மிஷினில் ஏழாம் நம்பர் பட்டன் சிக்கிக்கொண்டது. அறிக்கையில் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனேன். "சார், ஏழு மாட்டிக்குது. இப்பவே பாருங்க," என்றேன்.

"அது கீ-பேட். அவர் டிபார்ட்மெண்ட்," என்றார் திருச்சிக்காரர்.

"அழுத்தினத ரெண்டு வாட்டி எண்ணுது தம்பி. அது உன்னுது," என்றார் மற்றவர்.

நான் நடுவில் மிஷினை நீட்டிக்கொண்டு நின்றேன். இருவரும் அதை மாறி மாறிப் பிடுங்கி அழுத்திப் பார்த்து, கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். என்னை அவர்கள் கவனிக்கவே இல்லை. நான் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தேன்.